சேலத்தில் பினாங்கு உணவுக்கு ஒரு தள்ளுவண்டி: எதை வைத்துத் தொடங்கலாம்?

அம்மாபேட்டை வாசகி:

வணக்கம். என் அண்ணன் 11 ஆண்டுகள் மலேசியாவின் பினாங்கில் தெருவோர உணவுக்கடைகளில் சமையல் வேலை பார்த்துவிட்டு, சென்ற தை மாதம் சேலத்திற்கே திரும்பிவிட்டார். அம்மாபேட்டையில் மாலை நேரத்தில் ஒரு தள்ளுவண்டி போடலாம் என்பது எங்கள் எண்ணம். சார் குவே தியாவ் (வறுத்த தட்டை அரிசி நூடுல்ஸ்), மீ கோரெங் (வறுத்த கோதுமை நூடுல்ஸ்), அசாம் லக்சா (புளிப்பான மீன் குழம்பில் நூடுல்ஸ்), சாத்தே (குச்சியில் கோத்துச் சுட்ட இறைச்சி), பசெம்பூர் (காயும் வடையும் நறுக்கி இனிப்புக் காரக் குழம்பு ஊற்றியது) ஆகிய ஐந்தும் அவருக்குக் கைவந்தவை. ஐந்தையும் வண்டியில் வைத்துவிட வேண்டும் என்கிறார். ஒரே வண்டியில், இரண்டே பேர் நின்று, ஐந்தையும் சுவை குறையாமல் கொடுக்க முடியுமா என்பதுதான் என் கவலை. ஒன்றை மட்டும் தேர்ந்தெடுப்பதானால் சேலத்து நாக்குக்கு எது பொருந்தும்? அந்த ஊர்களில் சாப்பிட்டவர்களும் சமைத்தவர்களும் வழிகாட்டினால் பெரிய உதவியாக இருக்கும்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

ஐந்து வேண்டாம். நான் சிங்கப்பூரில் ஒப்பந்த வேலையில் இருந்த காலத்தில் கவனித்தது இதுதான்: அங்கே ஒரு கடைக்காரர் ஓர் உணவைத்தான் செய்வார், அதையே ஆயுள் முழுவதும் செய்வார். 1971 முதல் 1986 வரை தெருவோர வியாபாரிகளைப் படிப்படியாக உணவங்காடிகளுக்குள் குடியமர்த்திய பிறகும் அந்த வழக்கம் மாறவில்லை. 2020-இல் யுனெஸ்கோ அந்த உணவங்காடிப் பண்பாட்டைத் தன் பட்டியலில் சேர்த்தபோது, இப்படித் தலைமுறைகளாகக் கைமாறி வந்த தனித்தனிக் கைப்பக்குவங்களுக்கும் சேர்த்தே அந்தப் பெருமை கிடைத்தது என்றுதான் நான் எண்ணினேன்.

சார் குவே தியாவை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள் என்பேன். தட்டையான அரிசி நூடுல்ஸ் அன்றன்றைக்குப் புதிதாக, ஈரப்பதத்தோடு கிடைக்க வேண்டும். இங்கே கிடைக்கும் காய்ந்த வகையை ஊறவைத்துப் போட்டால் கரண்டி பட்டவுடன் உடைந்துவிடும். மட்டியும் பன்றிக்கொழுப்பும் இல்லாமலும் அதைச் செய்யலாம், ஆனால் எரியும் தீயில் ஒரு தட்டுக்கான அளவை மட்டும் போட்டு, புகைவாசம் ஏறும்படி நொடிக்கணக்கில் புரட்டி எடுக்காவிட்டால் அதன் உயிரே போய்விடும். மீ கோரெங்கின் சிக்கல் வேறு. நம் ஊரில் தெருவுக்குத் தெரு ஃபாஸ்ட் ஃபுட் வண்டி நிற்கிறது. அண்ணன் எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும், வருபவர் அதை அந்த வண்டியின் நூடுல்ஸோடும் அதன் விலையோடும்தான் ஒப்பிடுவார். அசாம் லக்சாவுக்கு மீனையும் புளியையும் இங்கேயே வாங்கிவிடலாம். ஆனால் அதற்கு மணம் தரும் புங்கா காந்தான் பூவுக்கு எங்கே போவது? சாத்தேயைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது, நான் சைவம்.

குகை (சேலத்தின் ஒரு பகுதி) வாசி:

மேலே சொன்னதை ஏற்கிறேன். என் பதில் ஒரே சொல்: பசெம்பூர். அதை இந்திய ரோஜாக், மாமக் ரோஜாக் என்றும் சொல்வார்கள். மலாயாவுக்குப் போன தமிழ் முஸ்லிம் கடைக்காரர்கள் வளர்த்த உணவு அது; மாமக் என்ற சொல்லே நம் மாமாவிலிருந்து போனதுதான்.

இதை ஏன் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்றால், சேலத்துக்காரர்களுக்கு அதைச் சாப்பிடச் சொல்லித் தர வேண்டியதில்லை. நம் தட்டுவடை செட்டை நினைத்துப் பாருங்கள். மொறுமொறுப்பான தட்டுவடை ஒன்றின் மேல் பச்சைச் சட்னியும் சிவப்புச் சட்னியும் தடவி, துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வெங்காயமும் வைத்து, இன்னொரு தட்டுவடையால் மூடிக் கையில் கொடுக்கிறார்கள். நாம் அதை ஒரே வாயில் போட்டு, மொறுமொறுப்பையும் காயின் குளிர்ச்சியையும் காரத்தையும் ஒன்றாக மெல்லுகிறோம். பசெம்பூரின் கட்டுமானமும் இதேதான்: நீளமாகச் சீவிய வெள்ளரிக்காய், முளைகட்டிய பயறு, வேகவைத்த உருளைக்கிழங்கு, அவித்த முட்டை, பொரித்த டோஃபு, இறால் வடை ஆகியவற்றை நறுக்கித் தட்டில் குவித்து, மேலே கெட்டியான இனிப்புக் காரக் குழம்பை ஊற்றுகிறார்கள். அந்தக் குழம்பில்தான் எல்லாம் இருக்கிறது. சர்க்கரைவள்ளிக்கிழங்கை வேகவைத்து மசித்து, காய்ந்த மிளகாய் விழுது, புளிக்கரைசல், வெல்லம், வறுத்துப் பொடித்த நிலக்கடலை ஆகியவற்றோடு சிறு தீயில் கிளறுவார்கள்; கரண்டியைத் தூக்கினால் தாரையாக ஒழுகாமல், ஒரு கணம் தயங்கி, பிறகு மெல்ல விழ வேண்டும். இதில் சேலத்தில் கிடைக்காத பொருள் ஒன்றுகூட இல்லை. இறால் விலை கட்டுப்படி ஆகாத நாளில் வெங்காய வடையும் தேங்காய் வடையும் போதும்.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். நம் ஊருக்காக என்று சொல்லிக் குழம்பில் கரம் மசாலாவோ பாட்டில் சாஸோ சேர்த்துவிடாதீர்கள். கிழங்கின் இனிப்பு முதலில் வந்து, புளிப்பு அதைத் தொடர்ந்து, காரம் கடைசியில் ஏறுவதுதான் அதன் அழகு.

ஏற்காட்டிலிருந்து:

பசெம்பூரோடு ஓர் இனிப்பும் வைக்கலாம் என்பது என் ஆலோசனை. மலாய் நாடுகளில் சாகோ குலா மெலாகா என்று ஒன்று உண்டு. வேகவைத்துக் குளிரவைத்த ஜவ்வரிசியின் மேல் உப்புச் சேர்த்த தேங்காய்ப்பாலும் தென்னங்கருப்பட்டிப் பாகும் ஊற்றித் தருவார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மலாயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனதால்தான், 1940-களில் சேலத்தில் மரவள்ளிக்கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் தொழில் வேர்பிடித்தது. அந்த ஊரின் இனிப்பை இந்த ஊரின் ஜவ்வரிசியில் செய்து இங்கே விற்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது.

மாவு ஜவ்வரிசி கரைந்து கூழாகிவிடும், நைலான் ஜவ்வரிசியையே வாங்குங்கள். தளதளவென்று கொதிக்கும் நிறையத் தண்ணீரில் போட்டு, ஒவ்வொரு மணியின் நடுவிலும் கடுகை விடச் சிறிய வெள்ளைப் புள்ளி மட்டும் மிஞ்சும்போது இறக்கி மூடிவைத்தால், அந்தப் புள்ளி தானாகவே வெந்து மறைந்துவிடும். பிறகு வடிதட்டில் கொட்டி, வழவழப்புப் போகும் வரை குளிர்ந்த நீரில் அலச வேண்டும்.

அம்மாபேட்டை வாசகி:

அனைவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை வீட்டிலேயே பசெம்பூர் செய்து, தெருவில் 14 பேருக்குக் கொடுத்துப் பார்த்தோம். எதிர்வீட்டுப் பாட்டி தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, "இது நம்ம செட்டுக்குப் பெரியப்பா பிள்ளை மாதிரி இருக்கே" என்றார். அண்ணன் ஐந்திலிருந்து ஒன்றுக்கு இறங்கி வந்ததே அந்தச் சொல்லைக் கேட்டுத்தான். ஆனால் கடைசி நான்கு தட்டுகளில் குழம்பு நீர்த்து, வடையும் ஊறிப்போயிருந்தது. இதற்கு என்ன செய்வது?

குகை வாசி:

குழம்பு நீர்க்கவில்லை, வெள்ளரிக்காய்தான் நீர் விட்டிருக்கிறது. விதைப்பகுதியை வழித்தெடுத்துவிட்டு, சதையை மட்டும் சீவி, மெல்லிய துணியில் சுற்றி வையுங்கள். முளைப்பயற்றையும் ஈரம் போக உலர்த்துங்கள். வடையை முக்கால் பதத்தில் பொரித்து எடுத்துவைத்து, ஆள் வந்து கேட்ட பிறகு மறுபடி எண்ணெயில் போட்டு எடுத்து நறுக்க வேண்டும். குழம்பை ஊற்றுவது, தட்டு வாங்குபவர் கைக்குப் போகும் அந்த நேரத்தில்தான்.