கிடை ஆட்டோடு வந்த பையன்: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

மன்னார்குடிக்காரன்
பங்குனியில் எருவுக்காக எங்கள் வயலில் ஆடுகளை அடைத்துக் கிடை போட்டோம். ராமநாதபுரம் பக்கத்து ஆடுகள். ஆடுகளை ஓட்டி வந்த கீதாரிகூட ஒரு பையன், பத்து வயசு இருக்கும். பெயர் கேட்டேன். முதலில் கீதாரி முகத்தைப் பார்த்தான், அப்புறம்தான் சொன்னான். கீதாரி தண்ணீருக்குப் போன நேரம் கிட்ட வந்து, "அண்ணே, இன்னைக்கு என்ன கிழமை?" என்றான். வியாழன் என்றேன். விரலை மடக்கி மடக்கி எதையோ எண்ணினான். பிஸ்கட் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். ராத்திரி முழுக்க அந்த விரல்தான் கண்ணில். கடத்திக்கொண்டு வந்த பையனோ என்று தோன்றியது. இரண்டு நாள் யோசித்து, குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போட்டபோது கிடை பெயர்ந்துவிட்டது. கிடைக்கூலி கொடுத்தது என் கை.

திண்டுக்கல் செல்வி
எங்கள் தெருப் பெண் ஸ்பின்னிங் மில்லுக்குப் போனாள். மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லிச் சேர்த்துவிட்டவர் சொந்தக்காரர்தான். போனில் "நல்லா இருக்கேன்க்கா" என்பதையே மூன்று தடவை சொன்னாள். பின்னால் விடுதி வார்டன் குரல்: "போதும், வை." உடம்பு முடியாமல் பாதியில் வந்தாள். மொத்தப் பணம் வரவில்லை.

ரவி
மன்னார்குடி அண்ணன் சொல்வதைக் கடத்தல் என்பது அதிகம். பெற்றவர்களே முன்பணம் வாங்கி அனுப்பியிருப்பார்கள். எங்கள் பக்கம் செங்கல் சூளையிலும் அப்படித்தான்.

சூளைமேட்டுப் பேரன்
ரவி, முன்பணம்தான் சங்கிலியே. 1976 கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனைத் திருப்பித் தர வேண்டியதில்லை. பெற்றவர்கள் சம்மதித்தார்கள் என்பதால் குழந்தையை வேலைக்கு வைத்தது சரியாகிவிடாது.

என் அத்தை சூளையில் இருந்தவர். மீட்க வந்த கோட்டாட்சியர் ஜீப் வந்து நின்ற பிறகும் கல் அறுப்பதை நிறுத்தவில்லை. "கணக்கு முடியலையே" என்றாராம்.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். முதலாளியிடம் நேரில் சண்டைக்குப் போகாதீர்கள், ஒரே ராத்திரியில் ஆட்களை இடம் மாற்றிவிடுவார்கள். இடம், வண்டி எண், எத்தனை பேர் என்று குறித்துக்கொண்டு கோட்டாட்சியருக்கோ கலெக்டர் ஆபீசுக்கோ எழுத்தில் கொடுங்கள். குழந்தை என்றால் அந்த நிமிஷமே 1098. மீட்டவர்களுக்கு விடுதலைச் சான்றிதழ் வாங்காமல் ஊருக்கு அனுப்ப விடாதீர்கள். அது கையில் இல்லாமல் போய், கடன்காரன் மறுபடி வாசலில் வந்து நின்ற வீடுகளை எனக்குத் தெரியும். ஊரில் புதிதாக ஒருவர் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தால், எந்த ஊர், யார் முதலாளி, கூலி எவ்வளவு என்று நாலு பேர் முன்னால் கேளுங்கள்.

மன்னார்குடிக்காரன்
ரவி, அவன் சம்மதித்தானா என்று நான் கேட்கவே இல்லை. கிழமை மட்டும்தான் சொன்னேன். திருத்துறைப்பூண்டி பக்கம் கிடை எதிலாவது சின்னப் பையனைப் பார்த்தால், என்னைப் போல இரண்டு நாள் யோசிக்காதீர்கள்.