அம்மாவுக்கு சுகர், எங்கடை ஊர்ச் சாப்பாட்டிலை எது உண்மையிலை நல்லது?

கோண்டாவில்_பிள்ளை:
வணக்கம் எல்லாருக்கும். அம்மாவுக்கு போன கிளினிக்கிலை சுகர் கூடிட்டுதெண்டு டொக்டர் சாப்பாட்டை மாத்தச் சொல்லிட்டார், உடனை லண்டன் அக்கா ஓட்ஸ் பெட்டி பெட்டியா அனுப்பத் தொடங்கிட்டா. அம்மா அதை வாயிலை வைக்கிறா இல்லை, குரக்கன் (கேழ்வரகு) இருக்கு ஒடியல் (காய்ஞ்ச பனங்கிழங்கு) இருக்கு முருங்கையிலை வேலியிலை நிக்குது உந்த வெள்ளைக்காரன்ரை கஞ்சி எனக்கென்னத்துக்கு எண்டு கேக்கிறா. கேக்கிறதிலையும் ஞாயம் இருக்குத்தானே. ஆனா எது உண்மையிலை உதவும், எது சும்மா கதை எண்டு தெரிஞ்சவை சொல்லுங்கோ.

சுன்னாகத்தான்:
அம்மா சொல்லுறது சரிதான், ஆனா குரக்கன் எண்டவுடனை அளவில்லாமல் சாப்பிடலாம் எண்டு நினைக்க வேண்டாம். 100 கிராம் குரக்கன் மாவிலை மாச்சத்து 70 கிராம் அளவிலை இருக்கு, அரிசிக்கு பெரிய வித்தியாசம் இல்லை. நார்ச்சத்து கூட, கல்சியம் 300 மில்லிகிராமுக்கு மேலை, அதுதான் அதின்ரை திறம். கஞ்சியாக் காய்ச்சிக் குடிச்சா கெதியா சுகர் ஏறும், ரொட்டியா, பிட்டா, கூட ஒரு வறையும் மீன்குழம்பும் வைச்சுச் சாப்பிட்டா மெதுவா ஏறும். பக்கெற்றிலை வாற மா எண்டா திருப்பிப் பாருங்கோ, சிலதிலை கோதுமை மா கலந்திருக்கும். நாங்கள் சந்தையிலை தானியமா வாங்கி மண் போக அரிச்சுக் காயவிட்டு மில்லிலை குடுத்துத்தான் அரைக்கிறது, வேலைதான், ஆனா என்ன சாப்பிடுறம் எண்டு தெரியும்.

பருத்தித்துறை_மாமி:
பிள்ளை ஒண்டு கேக்கிறன், அம்மா பிளேன்ரீக்கு பனங்கட்டி கடிக்கிறவவோ? எங்கடை ஆக்கள் சீனியை நிப்பாட்டிப்போட்டு பனங்கட்டியை முழுசு முழுசா கடிப்பினம், கேட்டா அது பனையிலை இருந்து வாறதுதானே எண்டுவினம். பனையோ கரும்போ, அதுவும் சீனிதான் ராசாத்தி. பனாட்டும் அப்பிடித்தான், பனம்பழக் களியைக் காயவைச்சு இறுக்கின இனிப்பு. எனக்கும் பனாட்டெண்டா உயிர், அது வேறை கதை.

ஒடியல் மா நல்லது, நார்ச்சத்து கனக்க. மாவை தண்ணியிலை ஊறவைச்சு மேல்தண்ணியை ஊத்திப்போட்டுத்தான் கூழுக்குப் போடவேணும், இல்லாட்டி கயர்ப்பு வாயிலை வைக்கேலாது. கூழுக்கு மரவள்ளியையும் பலாக்கொட்டையையும் குறைச்சு மீன், நண்டு, பயித்தங்காய், முருங்கையிலையைக் கூட்டிப் போடுங்கோ. தை மாசியிலை பனங்கிழங்கு கிண்டேக்கை அவிச்சு ரெண்டு துண்டு பின்னேரம் குடுக்கலாம், பிஸ்கட்டை விடத் திறம்.

வலிகாமம்_தோட்டக்காரன்:
மாமி சொன்னதோடை ஒண்டு. எங்கடை ஊர்ச் செம்மண்ணிலை விளைஞ்சதெண்டாப்போலை பூச்சிமருந்து அடிக்கேல்லை எண்டு அர்த்தமில்லை. நானும் தோட்டம் செய்யிறவன், வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் எவ்வளவு அடிக்கினம் எண்டு எனக்குத் தெரியும், எங்கடை கிணத்துத் தண்ணியிலை நைத்திரேற்று கூடினதுக்கு உரமும் ஒரு காரணம். வல்லாரை, பொன்னாங்காணி, முசுட்டை எல்லாம் வீட்டிலை கிணத்தடியிலை வைச்சா நல்லம், முருங்கைக்கு ஒரு தடி நட்டாப் போதும். வறையை அடுப்பாலை இறக்கினாப்பிறகு தேசிக்காய் விடுங்கோ, இரும்புச்சத்து உடம்பிலை கூடச் சேரும், சாப்பிட்ட கையோடை தேத்தண்ணி குடிச்சா அது குறையும்.

மற்றது, அம்மா இரத்தம் உறையாமலுக்கு வார்பரின் குளிசை போடுறவா எண்டால் கீரையை திடீரெண்டு கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம், அதிலை இருக்கிற விற்றமின் கே குளிசையோடை மல்லுக்கட்டும். சிறுநீரகப் பிரச்சினை இருந்தாலும் கீரை அளவை டொக்டரிட்டை கேளுங்கோ.

கோண்டாவில்_பிள்ளை:
எல்லாருக்கும் நன்றி. மாமி எப்பிடிக் கண்டுபிடிச்சீங்கள், பனங்கட்டிக் குட்டான் குசினி அலுமாரியிலையே இருக்கு 😅 அதை ஆர் அம்மாவுக்குச் சொல்லுறது. மற்றது சோத்துக்கு எங்கடை ஊர்ச் சிவப்பரிசி, மொட்டைக்கறுப்பன், எங்கை எடுக்கலாம்?

சுன்னாகத்தான்:
காலபோக நெல்லு வெட்டு முடிஞ்சு மாசி பங்குனியிலை தெரிஞ்ச கமக்காரரிட்டை நேரை கேளுங்கோ, கடையிலை அந்தப் பேரிலை விக்கிறதெல்லாம் அதுவெண்டு நம்பேலாது. தவிடு போகாமல் குத்தித் தரச் சொல்லுங்கோ, ஆனா தவிட்டரிசி கனநாள் நிக்காது, சிக்கு மணம் வந்திடும் வண்டும் பிடிக்கும். மாதத்துக்குக் காணுற அளவு மட்டும் குத்துவியுங்கோ. சோறு ஒரு கோப்பைக்கு மேலை வேண்டாம் அம்மாவுக்கு, சிவப்பரிசி எண்டாலும்.