பழைய கோப்புகளை ஏஐ பிரித்துத் தருமா?

ஹட்டன் கடைக்காரன்:
ஃபோட்டோகொப்பி கடை வச்சிருக்கேன். கம்ப்யூட்டர்ல பிறப்புச் சான்றிதழ், ஈபிஎஃப் விண்ணப்பம், கோயில் நோட்டீஸ் எல்லாம் கலந்து கிடக்கு. ஏஐகிட்ட பிரிக்கச் சொன்னேன். நோட்டீஸ் முழுக்க ‘புரியாத மொழி’ போல்டருக்குப் போயிருச்சு. மாரியம்மன் தேரே அங்கதான் நிக்குது!

பண்டாரவளைத் தம்பி:
பாமினிங்கிற பழைய தமிழ் ஃபொன்ட்ல அடிச்சதா அண்ணே? அது எல்லா மெஷினுக்கும் பொதுவான யுனிகோட் எழுத்துமுறை இல்ல. ஃபொன்ட்டைக் கழட்டினா உள்ள வெறும் ஆங்கில எழுத்துதான், ஏஐயும் அதைத்தான் வாசிக்கும். முதல்ல யுனிகோடுக்கு மாத்துங்க. ஸ்கேன் பண்ணின படத்துல உள்ள எழுத்தை வாசிக்க டெசராக்ட்னு ஒரு மென்பொருள் இருக்கு. தமிழ், சிங்களம் ரெண்டும் வாசிக்கும், காசில்ல.

தலவாக்கலை டீச்சர்:
ஆக்களோட சான்றிதழை இணையத்துல ஏத்தாதீங்க. ஒல்லாமாங்கிற மென்பொருளைப் போட்டா ஏஐ மொடல் உங்க மெஷினுக்குள்ளயே ஓடும். முதல்ல கொப்பி எடுத்து, அதுல 50 கோப்புகளை மட்டும் பிரிச்சுப் பாருங்க.

ஹட்டன் கடைக்காரன்:
பாமினியேதான் தம்பி! டீச்சர், கரண்ட் வந்ததும் பாக்குறேன். இங்க ஒரே மழை.