கும்பகோணத்தை ஒரே நாளில் இருவராக நடந்து பார்க்க

ரயிலடி ஊரின் கிழக்கே இருப்பதால் கிழக்கிலிருந்து மேற்காக நடப்பதுதான் சௌகரியம். ஆறரைக்கெல்லாம் மகாமகக் குளக்கரைக்கு வந்துவிடுங்கள். 6 ஏக்கருக்குச் சற்று மேலான குளம். சுற்றிலும் கோவிந்த தீட்சிதர் கட்டிய 16 மண்டபங்கள். வடகரை காசி விசுவநாதர் கோயிலில் நவகன்னியர் சன்னதியை விட்டுவிடாதீர்கள், ஒன்பது நதிகளும் அங்கே பெண்களாக இருக்கிறார்கள். குளத்தின் அடிப்படிகளில் பாசி வழுக்கும். கைகோத்து இறங்கினால் இருவரும் சேர்ந்தே விழ வேண்டியதுதான்.

அடுத்து நாகேசுவரன் கோயில். ஊரிலேயே நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான் என்பேன். கருவறை வெளிச்சுவரில் முற்காலச் சோழர் சிற்பங்கள்: தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே அர்த்தநாரி, வடக்கே பிரம்மா. அர்த்தநாரியை நேராகப் பார்த்த பிறகு பக்கவாட்டில் நின்றும் பாருங்கள், சுவரைவிட்டு எவ்வளவு புடைத்து நிற்கிறது என்று தெரியும். பிறகு சாரங்கபாணி, பொற்றாமரைக் குளம், கும்பேசுவரர். சாயங்காலம் ராமசாமி கோயில்.

*

மேலே சொன்ன வரிசையில் ஒரு திருத்தம். ராமசாமி கோயிலைச் சாயங்காலத்துக்குத் தள்ளாதீர்கள். பிராகாரச் சுவர் ஓவியங்களுக்குப் பகல் வெளிச்சம் வேண்டும். ராமாயணம் அங்கே மூன்று வரிசையாக ஓடுகிறது. சுற்றுக்கு ஒரு வரிசை என்று மூன்று சுற்று வந்தால்தான் கதை முடியும். நின்ற இடத்திலேயே மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, கதை தாவுகிறதே என்பவர்கள்தான் அதிகம். நாகேசுவரனிலிருந்து நேரே இங்கே வந்துவிடுங்கள். பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்தினால் திறக்க நாலு, நாலரை ஆகிவிடும்.

சாப்பாட்டுக்குப் பின் சாரங்கபாணி சன்னதித் தெருவில் கணிதமேதை ராமானுஜன் வாழ்ந்த வீடு. சின்ன வீடு, கால் மணி போதும். சாரங்கபாணியில் கருவறையே தேர் வடிவம். தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும்.

*

செருப்பைப் பற்றி மேலே சொல்லவில்லையே? கிழக்கு வாசலில் விட்டுவிட்டு மேற்கு வாசல் வழியே வெளியேறினால், சித்திரை வெயிலில் மதிலைச் சுற்றி வெறுங்காலோடு தார் ரோட்டில் வர வேண்டும். நுழைந்த வாசலிலேயே திரும்புங்கள். கருங்கல் தளம் பதினொரு மணிக்கே சுடும். ஆளுக்கொரு ஜோடி பழைய சாக்ஸ் பையில் இருக்கட்டும்.

காலையில் இட்லிக்குக் கடப்பா (பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்த, குருமா மாதிரியான தொடுகறி) கிடைத்தால் விடாதீர்கள். எல்லா நாளும் எல்லாக் கடையிலும் போடுவதில்லை, உட்காருமுன் கேட்டுக்கொள்ளுங்கள். பித்தளை டவரா செட் வாங்குவதானால் கும்பேசுவரரை முடித்துக்கொண்டு கடைசியாக வாங்குங்கள். காலையில் வாங்கினால் நாள் முழுக்க யார் தூக்குவது என்பதிலேயே சண்டை வரும்.