ஜலநிதிக் குழாயும் உலக வங்கியும்: யாருக்காக வந்த கடன்?

கொழிஞ்சாம்பாறையான்:
கேரளத்துல 2000-ல உலக வங்கிக் கடன்ல தொடங்குன ஜலநிதிங்கற கிராமத்துக் குடிதண்ணித் திட்டத்தைப் பத்திப் பேசணும். குழாய் போடற செலவுல ஒரு பங்கு ஊர்க்காரங்க கட்டணும். அப்புறம் ஓட்டற செலவு பூரா நம்ம தலைமேல. எங்க வார்டுல மோட்டார் காயில் கருகுனா, கமிட்டிக்காரர் நோட்டைத் தூக்கிட்டு வீடு வீடா வருவாரு. தென்னந்தோப்புல கூலிக்குப் போற பொம்பளைங்க சனிக்கிழமை கூலி கைக்கு வந்தாத்தான் குடுக்க முடியும். அதுவரைக்கும் மோட்டார் கடையிலயே கிடக்கும். தண்ணி குடுக்கற பொறுப்பை அரசாங்கத்துகிட்ட இருந்து கழட்டி ஏழைங்க தலையில வெச்சது வாஷிங்டன்ல இருக்கற உலக வங்கிதான். உலக வங்கியும், பன்னாட்டு நிதியம்னு சொல்ற ஐ.எம்.எஃப்.பும் பொறந்ததே பணக்கார நாடுகளுக்காகத்தான்.

வேலந்தாவளம் வாத்தியார்:
கடைசி வரியை ஒத்துக்க முடியாது தம்பி. 1944 ஜூலையில அமெரிக்காவுல பிரெட்டன் வுட்ஸ்ங்கற ஊர்ல 44 நாடுகள் கூடி இந்த ரெண்டையும் உண்டாக்குனப்போ, இந்தியக் குழுவுல ஆர்.கே. சண்முகம் செட்டியார் இருந்தாரு. கோயமுத்தூர்க்காரர். 1935-லிருந்து 1941 வரைக்கும் கொச்சி திவான். நம்ம பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் அன்னைக்குக் கொச்சி சமஸ்தானம்தானே? நம்ம தாத்தமாருங்களுக்குத் திவானா இருந்தவரு அங்க உக்காந்து பேசியிருக்காரு. நாடு சுதந்திரம் அடையறதுக்கு முன்னாடியே ஐ.எம்.எஃப்.ல இந்தியாவோட பங்கு 40 கோடி டாலர், வரிசையில ஆறாவது. சோவியத் சேராததால அஞ்சாவது ஆச்சு, அதோட நிர்வாகக் குழுவுல நம்ம சார்பா ஒரு இயக்குநரை நாமே நியமிக்கற உரிமையும் வந்துது.

கொழிஞ்சாம்பாறையான்:
நாற்காலி குடுத்தாங்க. கேட்டது கிடைச்சுதுங்களா? போர்க்காலத்துல நம்ம சரக்கை வாங்கிட்டு, பிரிட்டன் கணக்குல மட்டும் எழுதி வெச்ச பாக்கி போர் முடியறப்போ நூறு கோடி பவுனுக்கு மேல. அதைத் தீர்க்க இந்த நிதியத்துலயே ஒரு வழி வெய்யுங்கன்னு நம்ம குழு கேட்டுது. பிரிட்டனும் அமெரிக்காவும் மறுத்துட்டாங்க. வங்காளத்துல லட்சக்கணக்குல ஜனங்க பட்டினியில செத்து ஒரு வருஷம்கூட ஆகலீங்க அப்போ! இன்னைக்கும் பெரிய முடிவுன்னா 85 சதவீத ஓட்டு வேணும். அமெரிக்காகிட்ட மட்டும் 16 சதவீதத்துக்கு மேல இருக்கு. அவங்க வேண்டாம்னா வேண்டாம்தான்.

குப்பத்துக்காரன்:
ஆந்திர எல்லையிலிருந்து ஒண்ணு சொல்றேன். 1998-ல எங்க மாநிலம் உலக வங்கிகிட்ட சீரமைப்புக் கடன் வாங்குச்சு. மின்துறையைப் பிரிச்சாங்க, 2000-ல கரண்ட் கட்டணம் ஏறுச்சு. அந்த ஆகஸ்ட்ல ஹைதராபாத் பஷீர்பாக்ல போராடுனவங்க மேல போலீஸ் சுட்டு உயிர் போச்சு. 2004-ல ஆட்சி மாறின அன்னைக்கே விவசாயிக்கு இலவசக் கரண்ட்னு கையெழுத்து ஆச்சு.

வேலந்தாவளம் வாத்தியார்:
சுட்டது பெரிய கொடுமை, அதுல எனக்கு வேற பேச்சில்லை. ஆனா 1991-ஐயும் நினைச்சுப் பாருங்க. ரெண்டு மூணு வாரத்து இறக்குமதிக்குத்தான் அந்நியச் செலாவணி இருந்துது. 47 டன் தங்கத்தை வெளிநாட்டுல அடகு வெச்சோம். பெட்ரோலும் உரமும் நிக்காம வந்ததுக்கு ஐ.எம்.எஃப். கடனும் ஒரு காரணம். அதையும் அடைச்சாச்சு. 2009-ல அதே ஐ.எம்.எஃப்.கிட்ட இருந்து 200 டன் தங்கம் நாம விலைக்கு வாங்குனோம்.

கோபாலபுரத்து அக்கா:
நான் ஜலநிதி கமிட்டியில கணக்கு எழுதறவ. குழாய் வர்றதுக்கு முன்னாடி கோடையில டேங்கர் லாரி எப்ப வரும்னு குடத்தை வரிசையில வெச்சுட்டு, பாதிநாள் கூலியை விட்டவங்க நாங்க. லாரி எந்தத் தெருவுக்கு முதல்ல போகணும்னு மெம்பர் சொல்வாரு. இப்ப மோட்டாரை எப்பப் போடணும்னு நாங்க சொல்றோம். காசு வசூல் பண்றது கஷ்டந்தான். அதுக்காக இந்தக் குழாயைக் கொறை சொல்லாதீங்க.

கொழிஞ்சாம்பாறையான்:
குழாயை இல்லீங்க அக்கா, நிபந்தனையைத்தான் சொல்றேன். விதவை வீட்டுக்கும் தோப்பு முதலாளி வீட்டுக்கும் ஒரே மாசக் கட்டணம். இது நியாயமா?

வேலந்தாவளம் வாத்தியார்:
நியாயமில்லை. ஆனா எதிர்த்தா மாத்த முடியும். நர்மதை மக்கள் போராடினதாலதான் உலக வங்கி தனி ஆய்வுக்குழு போட்டுது, 1993-ல சர்தார் சரோவர் அணைக்கான கடனோட மிச்சம் நின்னுது. பாதிக்கப்பட்டவங்க நேரா முறையிடற அமைப்பும் அதே வருஷம் வந்துது.

கொழிஞ்சாம்பாறையான்:
முறையிடறதுக்கு முதல்ல ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியணுமுங்க. அடுத்த கடன் வாங்கறப்போ, கையெழுத்துக்கு முன்னாடி கிராம சபையில தமிழ்லயும் மலையாளத்துலயும் அதைப் படிக்கணும். கூலிக்காரங்களுக்குத் தனிக் கட்டணம் வேணும்.

கோபாலபுரத்து அக்கா:
மனு எழுதுங்க தம்பி, கமிட்டிப் பொம்பளைங்க எல்லாரும் கையெழுத்துப் போடறோம். கட்டணமே வேண்டாம்னு மட்டும் எழுதிடாதீங்க. கரண்ட் பில்லு எங்க பேர்லதான் வருது.