ஸ்கேனில் ஒன்றும் இல்லை, படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஏன்?

மீனா, மில்வாக்கி:
என் தங்கை மகன் 2019 செப்டம்பரில் வேப்பிங்கால் (எலக்ட்ரானிக் சிகரெட் இழுப்பதால்) நுரையீரல் பாதித்து ஐ.சி.யூ.வில் கிடந்தான். இந்த விஸ்கான்சின், இல்லினாய் பக்கம்தான் அப்போது முதல் கேஸ்கள் கிளம்பின. ஸ்டீராய்டு கொடுத்ததும் மளமளவென்று தேறினான். அப்புறம் எடுத்த சி.டி. ஸ்கேனும் சுத்தம். ஆனால் இன்றைக்கும் துணிக்கூடையோடு பேஸ்மென்டிலிருந்து ஏறினால் பாதிப் படியில் நின்றுவிடுகிறான். பேச்சு வராது, 'இருங்க' என்று கையைக் காட்டுவான். ஊதிப் பார்க்கும் டெஸ்ட் நார்மலாம். பதட்டம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வயது 25தான். இது மனசா, நுரையீரலா?

கண்ணன், டெக்சாஸ்:
அது கள்ளச் சந்தையில் வாங்கிய கஞ்சா எண்ணெயை வேப்பில் இழுத்தவர்களுக்கு வந்தது. அதிலும் கலந்தது வைட்டமின் ஈ தானே, உடம்புக்கு நல்லதாச்சே?

சுதா (மூச்சுப் பரிசோதனை லேப்):
கண்ணன் சார், சாப்பிட்டால் ஜீரணமாகும். சூடாக்கி இழுத்தால் நேராக நுரையீரலுக்குள் போகும். விற்றவர்கள் கஞ்சா எண்ணெயை நீர்க்கவிட்டது தெரியாமலிருக்க, கெட்டியாகக் காட்ட வைட்டமின் ஈ அசிடேட்டை ஊற்றினார்கள். நோயாளிகளின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரைப் பார்த்தபோது 51 பேரில் 48 பேரிடம் அது இருந்தது. 2020 பிப்ரவரி வரை அமெரிக்காவில் 68 பேர் இதனால் இறந்துவிட்டார்கள். ஆனால் நோய் வந்தவர்களில் நிக்கோட்டின் மட்டும்தான் இழுத்தோம் என்று சொன்னவர்களும் உண்டு.

மீனா அக்கா, ஊதும் டெஸ்ட் காற்று எவ்வளவு, எத்தனை வேகத்தில் வெளியே வருகிறது என்றுதான் சொல்லும். உள்ளே போன ஆக்சிஜன் ரத்தத்துக்குத் தாண்டுகிறதா என்பது வேறு விஷயம். அதற்கு டி.எல்.சி.ஓ. என்ற டெஸ்ட் எடுக்க வேண்டும். மூக்கில் கிளிப் போட்டு, துளி கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை ஒரே இழுப்பாக இழுத்து, பத்து விநாடி பிடித்து விடச் சொல்வோம். ஸ்கேன் தெளிந்த பிறகும் இது குறைந்தே இருப்பவர்கள் உண்டு. ரத்தசோகை இருந்தாலும் குறையும், அதனால் ஹீமோகுளோபினையும் பார்க்கச் சொல்லுங்கள். விரலில் ஆக்சிமீட்டரோடு ஆறு நிமிட நடையும் கேளுங்கள். உட்கார்ந்திருக்கும்போது 98 காட்டுவது ஒன்றுக்கும் உதவாது. இதையெல்லாம் பார்க்காமல் பதட்டம் என்பது எனக்கு ஒப்பவில்லை. பையன் இப்போதும் இழுக்கிறானா?

மீனா, மில்வாக்கி:
பழைய தாளைத் தேடி எடுத்தேன். எஃப்.வி.சி. (மொத்தமாக ஊதிய காற்று), எஃப்.ஈ.வி.1 (முதல் விநாடியில் ஊதியது) இரண்டும்தான் இருக்கின்றன, நீங்கள் சொன்னது இல்லை. இழுக்கிறானா என்று நான் கேட்டால் வாயைத் திறக்கமாட்டான். அடுத்த தடவை தங்கையை வெளியே உட்காரவைத்துவிட்டு, அவனை டாக்டரிடம் தனியாகப் பேச அனுப்புகிறேன்.