பொங்கலுக்கு ஊருக்கா, ஏசியன் கப்பா? ஒரு வழி சொல்லுங்க

கோரையாத்துக்காரன்:

வணக்கம் மக்களே. ஊரு திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம், வேலை சவுதி அல்கோபார்ல, ஏசி மெக்கானிக், ஏழாவது வருசம் ஓடுது. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா ரெண்டு மாசம் லீவு. அடுத்த லீவு 2027 ஜனவரி மொத வாரத்துலேந்துன்னு பேசி வச்சாச்சு, வீட்லயும் சொல்லியாச்சு, அம்மா இப்பவே பொங்கலுக்கு யார் யார கூப்புடணும்னு கணக்கு போடுது, அப்பா என்னடான்னா சம்பா அறுப்புக்கு ஒரு ஆளு கூலி மிச்சம்னு தெருவுல சொல்லிகிட்டு திரியிறாரு.

இப்பதான் சிக்கலே. ஏசியன் கப் ஃபுட்பால் சவுதில 2027 ஜனவரி 7லேந்து பிப்ரவரி 5 வரைக்கும். ரியாத், ஜித்தா, அப்புறம் எங்க அல்கோபார். இங்க கட்டுற புது ஸ்டேடியத்த அஸ்திவாரம் தோண்டுனதுலேந்து வேலைக்கு போற வேன் ஜன்னல் வழியா பாத்துகிட்டு வர்றேன், அது ஒவ்வொரு மாசமும் கொஞ்சம் கொஞ்சமா ஏறுறத பாத்து பாத்து ஏதோ நம்ம வீடு மாதிரி ஆயிடிச்சு. அதுல மேட்ச் நடக்குறப்ப நான் ஊர்ல வைக்கோல் தூக்கிகிட்டு இருப்பேன்.

ஸ்கூல்ல நான் கோல் கீப்பர், தொடர் போட்டின்னா அதிராம்பட்டினம் வரைக்கும் லாரி ஏறி போயி ஆடியிருக்கோம். 2022ல கத்தார் வேர்ல்ட் கப் நடந்தப்ப நான் பக்கத்து நாட்லயே இருந்தும் போக முடியல. நவம்பர் 22 சவுதி அர்ஜென்டினாவ 2-1னு அடிச்சாங்களே, அன்னைக்கு ராத்திரி பூரா ரோட்ல ஹாரன் சத்தம், மறுநாள் நாடே லீவுன்னு ராஜா உத்தரவு போட்டாரு, எங்களுக்கு மட்டும் டூட்டி. ஏசி ரிப்பேருக்கு ஏது லீவு.

வெளிநாட்ல வேலைல இருந்துகிட்டு இந்த மாதிரி பெரிய போட்டிய நேர்ல பாத்தவங்க சொல்லுங்க. பொங்கல விடுற அளவுக்கு அதுல ஏதாவது இருக்கா? நம்ம சம்பளத்துக்கு டிக்கெட் எட்டுமா? இந்தியாவும் இல்ல, தகுதிச் சுத்துல 2025 அக்டோபர்ல கோவால சிங்கப்பூர்ட்ட 2-1னு தோத்து வெளிய வந்தாச்சு. அப்ப யாருக்காக உக்காந்து கத்துறது? வீட்ல எப்படி பேச்ச ஆரம்பிக்கிறதுன்னும் தெரியல.

வெட்டாத்து மாமா:

பந்த டிவில பாரு, வயல நேர்ல பாரு. வேற பேச்சு இல்ல.

லெஃப்ட்விங் கூத்தாநல்லூர்:

மாமா சொல்றத கேக்காத தம்பி. நான் தோஹால எட்டு வருசம் இருந்துட்டு போன வருசம்தான் ஊரோட வந்தேன், இப்ப கடை வச்சிருக்கேன். ஒரே வரில சொல்லணும்னா, இருந்து பாரு. அது போதலன்னா கீழ படி, இன்னைக்கு கடைல கூட்டம் இல்ல.

மொத டிக்கெட். 2022ல கத்தார்ல குடியிருக்கவங்களுக்குன்னே தனியா நாலாவது கேட்டகிரின்னு ஒன்னு வச்சாங்க, க்ரூப் மேட்ச் 40 ரியால், அன்னைக்கு நம்ம காசுக்கு தொள்ளாயிரம் ரூபா கிட்ட. வெளிநாட்லேந்து வர்றவனுக்கு அதே மேட்ச்சுக்கு மூணாவது கேட்டகிரியே 250 ரியால். சவுதில என்ன பண்ணுவாங்கன்னு பொறுத்து பாரு, ஆனா 2024ல தோஹால நடந்த ஏசியன் கப்புக்கு 25 ரியால்லேந்தே டிக்கெட் இருந்துச்சு, அதனால காச நெனச்சு பயப்படாத.

எனக்கு வேர்ல்ட் கப்ல கெடச்சது என்ன மேட்ச் தெரியுமா, கேமரூன் செர்பியா. அர்ஜென்டினாவுக்கும் பிரேசிலுக்கும் ஆன்லைன் க்யூல விடிய விடிய நின்னு கடைசில கைல வந்தது இதுதான். ரூம்ல விழுந்து விழுந்து சிரிச்சானுவ, ஏன்டா அத பாக்க காசு குடுத்தியான்னு. நவம்பர் 28 திங்கக்கிழம மத்தியானம் ஒரு மணி, அல் வக்ரால அல் ஜனூப் ஸ்டேடியம், நைட் டூட்டி முடிச்சு தூங்காம குளிச்சுட்டு அப்படியே மெட்ரோ ஏறிட்டேன். மேட்ச் பாக்குறவங்களுக்கு குடுத்த ஹயா கார்டு இருந்தா மெட்ரோ ஃப்ரீ அப்ப. அந்த ஸ்டேடியம் பாய்மரக் கப்பல் பாய் மாதிரி வளைஞ்சு இருக்கும், உள்ள போயி உக்காந்ததும் வந்த தூக்கம் எங்க போச்சுன்னே தெரியல.

பக்கத்து சீட்டு ஒரு கேமரூன்காரர், அவரும் தோஹால செக்யூரிட்டி வேலைதான், ஏறக்குறைய நம்ம சம்பளம்தான். மொத கோல கேமரூன் போட்டதும் மனுசன் என்னைய அப்படியே தூக்கிட்டாரு. அப்புறம் ஹாஃப் டைம் விசில் அடிக்கிறதுக்குள்ள இஞ்சுரி டைம்ல செர்பியா ரெண்டு, திரும்பி வந்து மூணாவது, 3-1. அவரு தலைல கைய வச்சுகிட்டு உக்காந்துட்டாரு, நான்தான் தண்ணி வாங்கி குடுத்தேன். அபூபக்கர்னு ஒரு ஆள மாத்தி எறக்குனாங்க பாரு, கீப்பர் தலைக்கு மேல பந்த அப்படியே ஏந்தி வுட்டான், லைன்மேன் கொடிய தூக்கிட்டான், சுத்தி ஒரு சத்தம் இல்ல, வீடியோ பாத்து கோல்னு சொன்னாங்க, கொஞ்ச நேரத்துல அவனே பந்த குடுத்து இன்னொரு கோல். 3-3. யாருக்காக கத்துறதுன்னு கேட்டியே, பக்கத்து சீட்டு ஆளுக்காக கத்து. நான் அன்னைக்கு கேமரூன்காரன், இப்பவும் அவரு நம்பர் போன்ல இருக்கு, பெருநாளைக்கு மெசேஜ் வரும்.

இப்ப உன் கேள்விக்கு நேரா வர்றேன், ஏன்னா எனக்கும் அதே பொங்கல் பஞ்சாயத்து. 2024 ஜனவரி 13 சனிக்கிழம, ஊர்ல மறுநாள் போகி, தோஹால இந்தியா ஆஸ்திரேலியா. அஹமத் பின் அலி ஸ்டேடியம், க்ரீன் லைன்ல கடைசி ஸ்டேசன். 35 ஆயிரம் பேருக்கு மேல, பாதிக்கு மேல நம்மாளுங்க, மலையாளிங்க கொட்டு கொண்டாந்துட்டாங்க, ஏதோ பூரத்துக்கு வந்த மாதிரி. எதிர்ல யாரு, கத்தார் வேர்ல்ட் கப்ல ரெண்டாவது ரவுண்டு போன ஆஸ்திரேலியா. ஹாஃப் டைம் வரைக்கும் கோலே விடாம நின்னாங்க நம்ம பசங்க, சேத்ரி ஒரு ஹெட்டர் அடிச்சு பக்கத்துல போச்சு, அது மட்டும் உள்ள போயிருந்தா நான் இன்னைக்கு தொண்டையோட இருந்திருக்க மாட்டேன். அப்புறம் 50வது நிமிசம் நம்ம கீப்பர் குர்ப்ரீத் குத்தி வுட்ட பந்து நேரா ஆஸ்திரேலியாக்காரன் காலுக்கு போச்சு (நீ கீப்பரு, உனக்கு வலிக்கும்), கடைசில 2-0. அடுத்து உஸ்பெக்கிஸ்தான்ட்ட 3-0, சிரியாட்ட 1-0, ஒரு கோல் கூட போடாம ஊரு திரும்பினாங்க. ஆனா அந்த மொத நாப்பத்தஞ்சு நிமிசம் இருக்கே.

ரெண்டு நாள் கழிச்சு பொங்கல். ரூம்ல நீடாமங்கலத்து பையன் ஒருத்தன் குக்கர்ல பொங்க வச்சான், பொங்குறத பாக்கணுமேன்னு மூடி போடாம அடுப்பு பூரா வழிய விட்டான், நான் பாய், எனக்கு சக்கர பொங்கல் திங்கிறதுதான் வேலை. அவன் மட்டும் கொஞ்சம் ஒரு மாதிரியா இருந்தான், அத மறைச்சு சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வீடியோ கால் போட்டு மாட்ட காட்ட சொன்னான், மாடு திரும்பி கூட பாக்கல.

இன்னொன்னு, 2027ல நோன்பு பிப்ரவரி 8 வாக்குல ஆரம்பிக்கும், அந்த வாரம் டிக்கெட் வெல ஏறும். ஃபைனல் முடிஞ்சு கெளம்புறதா இருந்தா தம்மாம் டு கொழும்பு, கொழும்பு டு திருச்சி இப்பவே போட்டு வை.

மன்னை மருமக:

இந்த பக்கத்துலேந்தும் ஒன்னு சொல்லிடுறேன் தம்பி. என் வீட்டுக்காரரு தோஹால. வேர்ல்ட் கப் சமயத்துல ஒரு நாள் ஓவர்டைம்னு சொன்னாரு, நானும் பாவம் மனுசன் கஷ்டப்படுறாருன்னு கோயில்ல வேண்டிகிட்டு வந்தேன். ராத்திரி அவரு ரூம்மேட் ஸ்டேட்டஸ்ல பாத்தா மூஞ்சில பெயின்ட் அடிச்சுகிட்டு கொடிய புடிச்சுகிட்டு நிக்கிறாரு, அதுவும் எந்த நாட்டு கொடின்னு அவருக்கே தெரியாது. மூணு நாள் நான் பேசல. 40 ரியாலுக்காக இல்ல. சொல்லியிருந்தா நானும் புள்ளைங்களும் இங்க உக்காந்து கூட்டத்துல அவரு மொகம் தெரியுதான்னு தேடியிருப்போம்ல.

அப்புறம் ஃபைனல் அன்னைக்கு ஒழுங்கா சொல்லிட்டாரு, உள்ள டிக்கெட் இல்ல, லுசைல் ரோட்ல நின்னு பெரிய ஸ்கிரீன்ல பாக்குறேன்னு. டிசம்பர் 18, இங்க ராத்திரி எட்டரைக்கு ஆரம்பிச்சது, மார்கழி மூணாம் தேதி, வெடியகாலம் எந்திரிச்சு கோலம் போடணுமேன்னு பாத்தா அர்ஜென்டினாவுக்கு எதிரா ஆடுன அந்த பிரான்ஸ்காரன் எம்பாப்பே விடுறானா, முடிஞ்சதுன்னு நெனச்சா ரெண்டு நிமிசத்துல ரெண்டு கோலு, அப்புறம் எக்ஸ்ட்ரா டைம், பெனால்ட்டி, பதினொன்னே காலும் தாண்டி போச்சு. என் மாமியாருக்கு எழுவது வயசு, மெஸ்ஸி யாருன்னு தெரியாது, "அந்த குட்டையான புள்ள ஜெயிக்கட்டும்"னு உக்காந்து இருந்தாங்க. போன்ல அவரு சத்தம், டிவில அதே சத்தம், எங்க வீடு வரைக்கும் அந்த ரோடு வந்துட்ட மாதிரி இருந்துச்சு. மறுநாள் கோலம் புள்ளி தப்பா வச்சேன்.

அதனால அம்மாகிட்ட மொத பேசு. அப்பாகிட்ட அறுப்ப பத்தி பேசு. ரெண்டும் வேற வேற பேச்சு, ஒரே போன்ல போட்டு கொழப்பிடாத.

சாரங்கட்டி:

எல்லாரும் சீட்டுல உக்காந்து பாத்த கதையா சொல்றீங்க. நான் வலங்கைமான் பக்கம், தோஹால ஒரு ஸ்டேடியத்துக்கு ஸ்கஃபோல்டிங் போட்ட கூட்டத்துல ஒருத்தன், எந்த ஸ்டேடியம்னு வேணாம். வெயில் காலத்துல பகல் பத்துலேந்து மூணரை வரைக்கும் வெளி வேல கூடாதுன்னு 2021ல சட்டம் வந்துச்சு, அதுக்கு முன்னாடி இருந்த வெயில பத்தி எழுதுனா இந்த பக்கம் பத்தாது. சம்பளம் மூணு மாசம் நிக்க வச்சு குடுத்தான் எங்க சப் கான்ட்ராக்டரு.

மேட்ச் ஆரம்பிச்சப்ப எனக்கு டிக்கெட் கெடைக்கல. இண்டஸ்ட்ரியல் ஏரியால ஏசியன் டவுன் கிரிக்கெட் கிரவுண்டு இருக்குல்ல, அங்க எங்கள மாதிரி ஆளுங்களுக்கு பெரிய ஸ்கிரீன் வச்சு ஃப்ரீயா விட்டாங்க. தரைல உக்காந்து பாத்தேன், சுத்தி நேபாளி, பெங்காலி, பாகிஸ்தானி, கென்யாக்காரன். ஸ்கிரீன்ல அந்த ஸ்டேடியத்த மேலேந்து காட்டுறப்ப எங்க செட்டு ஆளுங்க பத்து பேரும் எந்திரிச்சுட்டோம், கோல் எல்லாம் இல்ல, சும்மா கூரைய காட்டுனான். பின்னாடி இருக்கவன் உக்காருடான்னு கத்துறான். அந்த மூலைல நான் நின்னேன், இந்த மூலைல நீ நின்னன்னு நாங்க பேசிகிட்டே பாதி மேட்ச் போச்சு.

கோவம் இல்லையான்னா இருக்கு. ஆனா அந்த ராத்திரி சந்தோசமாதான் இருந்தேன், அதையும் பொய் சொல்ல முடியாது. நீ வேன்லேந்து பாத்துகிட்டு இருக்க அந்த ஸ்டேடியம், உள்ள போனா ஒரு தடவ கூரைய அண்ணாந்து பாரு தம்பி.

வெட்டாத்து மாமா:

சரி, இத படிச்சதுக்கு அப்புறம் நான் மேல சொன்னத கொஞ்சம் கொறைச்சுக்குறேன். ஆனா வயலு வயலுதான்.

தேக்கா பட்டுக்கோட்டையான்:

எங்க சிங்கப்பூர மறந்துட்டீங்களே. ஏசியன் கப்புல இதுக்கு முன்னாடி ஆடுனது ஒரே ஒரு தடவ, 1984ல, அதுவும் போட்டிய நடத்துன நாடுங்கிறதால. ஆடி ஜெயிச்சு உள்ள போறது இதான் மொத தடவ. கோவால இந்தியாவுக்கு எதிரா ரெண்டு கோலு விழுந்தப்ப நான் இங்க காப்பிக்கடைல உக்காந்து இருந்தேன், பாஸ்போர்ட் இந்தியா, சோறு சிங்கப்பூரு, கை தட்டுறதா வேணாமான்னு தெரியாம டீய குடிச்சு முடிச்சுட்டேன். கத்துறதுக்கு ஆள் இல்லைன்னா சிங்கப்பூருக்கு கத்துங்க, நம்ம டெல்டா பாதி பேரு இங்கதான இருக்கோம்.

கோரையாத்துக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. வெள்ளிக்கிழம வீட்டுக்கு போன் போட்டேன். மன்னை அக்கா ரெண்டு பேச்ச கொழப்பாதன்னு சொன்னாங்க, ஆனா அம்மா ஸ்பீக்கர்ல போட்டுடிச்சு, ரெண்டும் ஒன்னா போச்சு.

அப்பா கேட்டாரு, இந்தியா ஆடுதாடான்னு. இல்லப்பான்னேன். அப்ப யாரு ஆடுறான்னாரு, சவுதி, ஜப்பான், கொரியா, ஈரான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல, லைன் போச்சுன்னு நெனச்சேன். அப்புறம் சொல்றாரு, "பொங்கலன்னைக்கு எவன்டா அறுக்குறான், மிஷின் என்னைக்கு வருதோ அன்னைக்குதான் அறுப்பு. மேலப்பங்குல ஆறு மா குறுவைக்கு அப்புறம் தாளடி போடப்போறேன், அது அறுக்க மாசி ஆயிடும். அப்ப வா. கொள்முதல் நிலையத்துல மூட்டைக்கு காவல் படுக்க ஆளு வேணும், எனக்கு பனி ஒத்துக்கல." பந்து பாக்க விடுறாரா காவலுக்கு ஆள் புடிக்கிறாரான்னு புரியல, ரெண்டும்தான்னு வச்சுக்குறேன். லீவ பிப்ரவரி 7க்கு மாத்தி கேட்டிருக்கேன், ஃபோர்மேன் பாக்கலாம்னு சொல்லியிருக்காரு.

அம்மா மட்டும் ரொம்ப நேரம் பேசல. கடைசில ஒன்னே ஒன்னு கேட்டுச்சு, அத இங்க கேக்குறேன். கூத்தாநல்லூர் அண்ணே, ஸ்டேடியம் உள்ள வீட்டு சாப்பாடு கொண்டு போக விடுவாங்களா? பொங்கலன்னைக்கு மேட்ச் இருந்தா பையன் வெறும் வயித்தோட உக்காந்து இருப்பானேன்னு கவலப்படுது.

லெஃப்ட்விங் கூத்தாநல்லூர்:

கேட்லயே புடுங்கி போட்டுருவாங்க தம்பி, நான் கத்தார்ல ரெண்டு முறுக்கு பாக்கெட்ட அப்படித்தான் பறி குடுத்தேன். அம்மாகிட்ட விடுவாங்கன்னு சொல்லிடு.